சேவைவழிக் கற்றலும் மனித உரிமையும்: தீர்மானிக்கும் இடத்தில் யார்?

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றின் பகுதியாக மாணவர்கள் ஓர் உள்ளூர்ச் சமூகத்தோடு சேர்ந்து அதற்குப் பயன்படும் வேலையைச் செய்வது, அந்த அனுபவத்தை வகுப்பில் படித்தவற்றோடு உரசிப் பார்ப்பது, அப்படிக் கற்றதற்கு மதிப்பெண் பெறுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே சேவைவழிக் கற்றல். தன்னார்வத் தொண்டில் சேவை உண்டு, பாடம் இல்லை. தொழிற்பயிற்சியில் பாடம் உண்டு, ஆனால் அதன் பயன் பெரும்பாலும் மாணவருடைய வேலைவாய்ப்போடு நின்றுவிடுகிறது. சேவைவழிக் கற்றலில் மாணவருக்குக் கிடைப்பதும் சமூகத்துக்குக் கிடைப்பதும் சமமாக எடைபோடப்பட வேண்டும். அண்மைக் காலத்தில் இத்தகைய பாடங்கள் பல, மனித உரிமைகளையும், ‘இந்த இடத்தில் எனக்கும் பங்குண்டு’ என்று ஒருவருக்கு ஏற்படும் சொந்த உணர்வையும் தங்கள் கருப்பொருளாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. அகதிகள், வீடற்றோர், சிறைவாசிகள், மாற்றுத்திறனாளிகள், பூர்வகுடிகள் என்று பொதுவாழ்வின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களோடு மாணவர்கள் பணியாற்றும் பாடங்கள் அவை.

மனித உரிமை என்ற சொல் பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததும் சேவையின் பொருள் மாறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவர்களுக்கு என்ன குறை, நாம் என்ன கொடுக்கலாம் என்று கேட்பது சேவையின் பழைய வழக்கம். இவர்களுக்கு உரியது எது, அதை வழங்கும் கடமை யாருடையது, அது ஏன் வந்து சேரவில்லை, இதைப் பற்றிய முடிவுகளை எடுப்பவர் யார் என்று உரிமைப் பார்வை கேட்கிறது. கடைசிக் கேள்வி பல்கலைக்கழகத்தையும் விட்டுவைப்பதில்லை. எந்தப் பிரச்சினையில் பணியாற்றுவது, எந்தத் தகவலைத் திரட்டுவது, அது யாரிடம் இருப்பது, வேலை எப்போது முடிந்ததாகக் கொள்வது ஆகியவற்றைப் பேராசிரியரே தீர்மானித்துவிட்டு, சமூகத்திடம் ‘நீங்களும் இதில் பங்காளிகள்’ என்று சொன்னால், அந்தப் பாடம் மனித உரிமையைப் பேசுகிறதே தவிர அதைக் கடைப்பிடிக்கவில்லை. சொந்த உணர்வு என்பதும் அன்பான வரவேற்பினால் மட்டும் உண்டாகிவிடுவதில்லை, முடிவெடுக்கும் இடத்தில் தனக்கு இருக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது உருவாகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்தக் கற்றல் முறைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1884-ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் சாமுவேல் பார்னெட், ஹென்ரியெட்டா பார்னெட் தம்பதியர் தொடங்கிய டாய்ன்பி ஹால், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களை வறியோர் வாழும் பகுதியிலேயே தங்கவைத்தது. அதைக் கண்டு வந்த ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்பவரோடு சேர்ந்து 1889-இல் சிகாகோவில் அதே போன்ற ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அது பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் இன்றைய பாடங்கள் கற்க வேண்டிய ஒன்றை அது செய்து காட்டியது. அங்கே வசித்தவர்கள் தங்களைச் சுற்றியிருந்த குடியேறியோர் பகுதியில் வீடுவீடாகச் சென்று, எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வாரக் கூலி எவ்வளவு என்று விவரம் சேகரித்து, அதை வண்ண வரைபடங்களாக்கி 1895-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி, வீடுகளுக்குள்ளேயே நடந்த தையல் கூடங்களின் நிலைமையை ஆராய்ந்து ஆதாரங்களைத் திரட்டினார். 1893-இல் இல்லினாய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உற்பத்திக் கூடங்களில் வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, அதை நடைமுறைப்படுத்தும் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அவரே நியமிக்கப்பட்டார். பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று அதே சட்டம் வகுத்த பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் 1895-இல் செல்லாததாக்கிவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிமைக்கான வேலை நேர்கோட்டில் முன்னேறுவதில்லை என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது. தகவல் திரட்டுதல், அதைப் பொதுவில் வைத்தல், சட்டமாக்குதல், சட்டத்தைக் காத்தல் என்று அங்கே ஒரு வேலை இன்னொரு வேலையோடு கோத்திருந்தது.

‘சேவைவழிக் கற்றல்’ என்ற பெயர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1967-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகிய இருவரின் பெயர்களோடு அதை இணைத்துச் சொல்வது வழக்கம். சிக்மன் 1979-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் மூன்று கொள்கைகளை முன்வைத்தார். சேவையைப் பெறுபவர்களே அந்தச் சேவையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது முதலாவது. அவர்கள் தங்கள் சொந்தச் செயலால் முன்னைவிட வலிமை பெற வேண்டும் என்பது இரண்டாவது. சேவை செய்பவர்களும் கற்பவர்களே, எதைக் கற்பது என்பதில் அவர்களுக்கும் கணிசமான பங்கு வேண்டும் என்பது மூன்றாவது. இந்த வரிசையே பேசுகிறது. மாணவர் மூன்றாவதாக வருகிறார், சமூகத்தின் கட்டுப்பாடு முதலில் நிற்கிறது. பின்னர் இந்த முறை ஆயிரக்கணக்கான கல்லூரிகளுக்குப் பரவியபோது, அறிக்கைகளிலும் விளம்பரக் குறிப்புகளிலும் இந்த வரிசை தலைகீழானது. மாணவரின் ஆளுமை வளர்ச்சி முதலில் வந்தது, சமூகம் அந்த வளர்ச்சிக்கான களமாகச் சுருங்கியது.

அமெரிக்காவுக்கு வெளியே இதே எண்ணம் வேறு வழிகளில் வளர்ந்தது. அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் 1918-இல் எழுந்த மாணவர் இயக்கம், பல்கலைக்கழகம் தன் மதில்களுக்கு வெளியே உள்ள மக்களுக்குக் கடமைப்பட்டது என்ற கோரிக்கையை லத்தீன் அமெரிக்கா முழுவதும் கொண்டு சென்றது. மெக்சிகோவில் பட்டம் பெறுவதற்கு முன் மாணவர்கள் குறைந்தது 480 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்பது சட்டப்படியான கடமை. இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகிறார். இவை எல்லாம் பெரும் எண்ணிக்கையில் மாணவர்களை மக்களிடம் அழைத்துச் சென்றவை. இவற்றில் பலவற்றில் மணிக் கணக்கு கட்டாயமாக இருக்கிறது, அந்த மணிகளில் நடந்ததைப் பாடத்தோடு இணைத்துச் சிந்திக்கும் ஏற்பாடு ஒவ்வோர் ஆசிரியரின் ஆர்வத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

கடுமையான எதிர்ப்பும் முன்பே எழுந்தது. 1968-இல் மெக்சிகோவின் குயெர்னவாக்காவில், லத்தீன் அமெரிக்காவில் தொண்டு செய்யக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்களிடம் சமூக விமர்சகர் இவான் இல்லிச் ஆற்றிய உரை இன்றும் இத்துறையில் படிக்கப்படுகிறது. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுவதற்கு மட்டும் வராதீர்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். மொழி தெரியாமல், அங்குள்ளோர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதைப் புரிந்துகொள்ளும் திறன்கூட இல்லாமல் வருபவர், தன் நல்லெண்ணத்தையே பிறர் மீது திணிக்கிறார் என்று அவர் வாதிட்டார். அவருடைய முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. யாரும் எங்கும் போகவே கூடாது என்றால் மதில்கள்தான் மிஞ்சும். ஆனால் ஒரு சமூகம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு உங்கள் பாடத்தில் வழியிருக்கிறதா என்ற அவருடைய கேள்வியைக் கடந்து செல்லும் உரிமை எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. இதே கவலையைக் கல்வி ஆய்வாளர் தானியா மிட்செல் 2008-இல் வேறு விதமாக வகுத்தார். வழக்கமான சேவைவழிக் கற்றலுக்கும் விமர்சனச் சேவைவழிக் கற்றலுக்கும் இடையே அவர் கோடு கிழித்தார். சமூக மாற்றத்தை நோக்குவது, அதிகாரத்தைப் பகிர்வது, உண்மையான உறவை வளர்ப்பது ஆகிய மூன்றும் பின்னதன் அடையாளங்கள் என்றார்.

மனித உரிமைச் சட்டத்தில் இதற்கு உறுதியான அடித்தளம் இருக்கிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, கல்வி என்பது மனித உரிமைகள் மீதான மதிப்பை வலுப்படுத்துவதாக இருக்க வேண்டும் என்கிறது. 29-ஆவது பிரிவு, ஒருவருடைய ஆளுமை முழுமையாக மலர்வது சமூகத்துக்குள்தான், ஆகவே அந்தச் சமூகத்துக்கு அவர் கடமைப்பட்டவர் என்கிறது. 2011-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்வி, பயிற்சி பற்றிய பிரகடனம் இன்னும் தெளிவாக மூன்று படிகளைச் சொல்கிறது. உரிமைகளைப் பற்றிக் கற்பது, கற்பவர் கற்பிப்பவர் இருவரின் உரிமைகளையும் மதிக்கும் வழியில் கற்பது, உரிமைகளைப் பயன்படுத்தவும் காக்கவும் வல்லவராவதற்காகக் கற்பது ஆகியவை அவை. வகுப்பறை விரிவுரை முதற்படியைத் தாண்டுவது அரிது. சேவைவழிக் கற்றல் மற்ற இரண்டையும் எட்டக்கூடியது என்பதனால்தான் மனித உரிமை ஆசிரியர்கள் அதை நாடுகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1972-இல் சட்ட மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று அன்றாட வாழ்வுக்கான சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் லா’ இத்தகைய தொடக்கங்களில் ஒன்று. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1980-களில் அதே முறை கைக்கொள்ளப்பட்டபோது, சட்டத்தைக் கற்பிப்பது என்பது அந்தச் சட்டம் நியாயமானதா என்று கேட்கவைப்பதாகவும் ஆயிற்று.

சேவையிலிருந்து உரிமைக்குச் செல்லும் நகர்வு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைப் பிறப்புப் பதிவு என்ற ஒரு விஷயத்தைக் கொண்டு நெருங்கிப் பார்க்கலாம். குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு சொல்கிறது. ஆயினும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகள் உலகில் பதிவு இல்லாமல் இருப்பதாக யுனிசெஃப் 2024-இல் மதிப்பிட்டது. பதிவு இல்லாத குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசிக் கணக்கும் சிக்கலாகின்றன. வளர்ந்தபின் வயதை நிறுவ முடியாததால் குழந்தைத் திருமணத்திலிருந்தும் குழந்தை உழைப்பிலிருந்தும் அதைக் காப்பதும் கடினமாகிறது. எந்த நாட்டுக் குடிமகள் என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போகவும் கூடும்.

ஒரு சமூக அமைப்பு, தன் பகுதியில் பதிவில்லாத குழந்தைகளின் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர மாணவர்கள் வேண்டும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் மாணவி ஒரு தாயின் எதிரே அமர்ந்து படிவத்தை நிரப்புகிறாள். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது. அந்தக் குடும்பம் இருப்பது தற்காலிகக் குடில். மருத்துவமனைச் சீட்டு கேட்கும் இடத்திலும் அதே தயக்கம், ஏனென்றால் பிரசவம் வீட்டில் நடந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் எதை எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மாணவி தனக்குத் தெரிந்த அளவில் நிரப்பிக் கொடுத்து அனுப்புகிறாள், சில நாட்களில் விண்ணப்பம் திரும்பி வருகிறது. மீண்டும் நிரப்பிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் அது நல்ல தொண்டு. அடுத்த பருவத்தில் வேறொரு மாணவி அதே கட்டத்தில் பேனாவை நிறுத்துவாள்.

உரிமைப் பாடமாக இருந்தால், திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டத்தினால் மறுப்பு வந்தது என்று மாணவர்களும் தாய்மார்களும் சேர்ந்து குறித்து வைப்பார்கள். பத்து, இருபது விண்ணப்பங்கள் சேர்ந்தால், தனித்தனிக் குடும்பங்களின் அறியாமை என்று சொல்லப்பட்டது உண்மையில் படிவத்தின் வடிவமைப்பிலும் அலுவலகத்தின் வழக்கத்திலும் இருக்கும் தடை என்பது தெரியவரும். பதிவுச் சட்டம் முகவரிச் சான்றைக் கட்டாயமாக்குகிறதா, அல்லது அது அலுவலகம் தானாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனையா என்று சட்ட மாணவர்கள் தேடலாம். புள்ளியியல் மாணவர்கள் தடைகளை வகைப்படுத்தலாம். அலுவலரைச் சந்திக்கும்போது பேசுவது யார் என்பதைத் தாய்மார்கள் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் தாங்களே பேச விரும்பலாம், மாணவர்கள் அருகில் கோப்போடு நிற்பது போதுமானதாக இருக்கலாம். உரிமை உடையவர், கடமை உடையவர் என்று மனித உரிமைப் பாடநூல்கள் பிரித்துச் சொல்வதை மாணவர் அந்த மேசையில்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். அவரோ இரண்டும் அல்லாத ஒரு துணை. அந்த இடத்தைப் பழகிக்கொள்வது, நன்றாகப் படிக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கடினமாகவே இருக்கிறது.

இத்தகைய வேலைக்குச் சட்டக் கருவிகளும் உதவுகின்றன. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2000-ஆம் ஆண்டில் உடல்நல உரிமைக்கு வகுத்த நான்கு அளவுகோல்களான கிடைத்தல், எட்டக்கூடியதாக இருத்தல், ஏற்புடையதாக இருத்தல், தரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுகாதார நிலையத்தை மாணவர்கள் பார்த்தால், ‘வசதி இருக்கிறது’ என்ற ஒற்றை வரி உடைந்து நான்கு கேள்விகளாகும். நிலையம் இருக்கலாம், சக்கர நாற்காலி ஏற முடியாத படிகளும் இருக்கலாம். மருத்துவர் இருக்கலாம், தினக்கூலி பெறுபவர் வேலையை விட்டுவிட்டு வர முடியாத நேரத்தில் மட்டும் இருக்கலாம்.

சொந்த உணர்வைப் பற்றிப் பேசும்போது பாடங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கே: அதை ஓர் உள்ளக் கனிவாக மட்டும் எடுத்துக்கொண்டு, கலை நிகழ்ச்சி, கூட்டு விருந்து, நட்பு விளையாட்டு என்று ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அவற்றில் தவறு ஏதுமில்லை, ஆனால் அவை போதாது. இரு உலகப் போர்களையும் ஒட்டி நாடற்றவர்களான மக்களைப் பார்த்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், 1951-இல் எழுதியபோது, எல்லா உரிமைகளுக்கும் முன்னே உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை ஒன்று இருக்கிறது, அது ஓர் அரசியல் சமூகத்தில் உறுப்பினராக இருப்பது என்றார். எந்தச் சமூகத்திலும் இடமில்லாதவருக்கு மனிதர் என்ற தகுதி மட்டும் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். சமூகவியலாளர் நிரா யுவல்-டேவிஸ் 2006-இல், சொந்தம் என்று ஒருவர் உணர்வது ஒன்று, யார் சொந்தம் யார் அந்நியர் என்று எல்லை வகுக்கும் அரசியல் வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். ஒருவர் தன் ஊரை உயிராக நேசிக்கலாம். அந்த ஊர் அவரைத் தன்னுடையவர் என்று ஏற்காமல் இருக்கலாம். அந்த எல்லையை வகுப்பவர்கள் யார் என்று பார்க்காத பாடம், விலக்கப்பட்டவரிடமே ‘உனக்கு ஏன் ஒட்டவில்லை’ என்று கேட்பதில் போய் முடியும்.

எல்லைகளை எப்படிக் கையாளலாம் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லோரி பொம்பா 1997-இல் தொடங்கிய இன்சைடு-அவுட் என்ற சிறைக் கல்வித் திட்டம். பல்கலைக்கழக மாணவர்களும் சிறைவாசிகளும் சிறைக்குள்ளேயே ஒரே வகுப்பில், ஒரு பருவம் முழுவதும், ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். வட்டமாக அமர்கிறார்கள், உள்ளே இருப்பவரும் வெளியிலிருந்து வந்தவரும் மாறிமாறி. பெயரின் முதற்பகுதி மட்டுமே பயன்படுகிறது. யார் என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறார் என்ற கேள்வி அங்கே எழுப்பப்படுவதில்லை. சிறைவாசிகள் ஆராயப்படும் பொருள்கள் அல்லர், அவர்களும் அதே நூல்களைப் படித்து அதே கட்டுரைகளை எழுதும் மாணவர்கள். உதவ வந்தவர், உதவி பெறுபவர் என்ற பிரிவினைக்கே அந்த வட்டத்தில் இடமில்லை. பாடம் முடிந்தபின் இரு தரப்பினரும் தொடர்பு வைத்துக்கொள்வதில்லை என்ற கடுமையான விதியும் உண்டு. முதலில் கேட்கும்போது அது மனிதத்தன்மையற்றதாகத் தோன்றலாம். ஆனால் சிறை நிர்வாகம் வகுப்பை அனுமதிக்கவும், எந்தத் தரப்பும் மற்றொன்றிடம் நிறைவேறாத எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளாமல் இருக்கவும் அந்த எல்லை முதல் நாளே எல்லோருக்கும் ஒன்றுபோல் சொல்லப்படுகிறது. நட்பை உறுதியளித்துவிட்டுப் பருவம் முடிந்ததும் மறைந்துபோகும் பாடங்களைவிட இந்த நேர்மை உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

வகுப்பறைக்குள்ளே இருக்கும் எல்லையை ஆசிரியர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. மாணவர் எல்லோரும் வசதியான வீட்டிலிருந்து வந்தவர்கள், சமூகம் என்பது வெளியே எங்கோ இருப்பது என்ற எண்ணத்தோடு பாடம் வடிவமைக்கப்படுகிறது. ஆனால் தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த ஒரு மாணவர் அதே வகுப்பில் இருக்கிறார். கள ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியிருப்பு அவருடைய அத்தையின் குடியிருப்பாக இருக்கலாம். சக மாணவர்கள் களத்திலிருந்து திரும்பி வந்து, ‘இப்படியும் மனிதர்கள் வாழ்கிறார்களா’ என்று கண்கலங்கிப் பேசும்போது அவர் என்ன செய்வார்? பேசினால் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும், பேசாவிட்டால் தன் மக்களைப் பற்றிய தவறான சித்திரத்துக்கு உடன்பட வேண்டும். சொந்த உணர்வைக் கற்பிக்க வந்த பாடம், தன் சொந்த மாணவர் ஒருவரிடமிருந்து அதைப் பறித்துக்கொள்கிறது. உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ‘இந்த இடம் எனக்குரியதுதானா’ என்ற ஐயம் முதலாண்டிலேயே தணிக்கப்பட்டபோது ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த ஆண்டுகளில் உயர்ந்ததைக் காட்டியது. இந்த ஐயத்தைக் கூர்மையாக்கும் களப்பணிக்கு விலை உண்டு என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். இதற்கு உடனடியாகச் செய்யக்கூடியது, சமூகத்தின் அறிவை அறிவாகவே வகுப்புக்குள் கொண்டுவருவது. அந்தக் குடியிருப்பின் சங்கத் தலைவி விருந்தினராக வந்து ‘அனுபவம்’ பகிர்ந்துவிட்டுப் போகாமல், பாடத்தின் இணை ஆசிரியராக அமர்ந்து, மாணவரின் அறிக்கைக்கு மதிப்பெண் இடும் பொறுப்பில் பங்கேற்றால், பின்வரிசையில் இருக்கும் அந்த மாணவருக்கும் அது ஒரு சேதி.

அனுபவம் தானாகவே கற்பித்துவிடும் என்று நம்புவது ஆபத்தானது. அது தவறான பாடத்தையும் கற்பிக்கும். கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-இலேயே எல்லா அனுபவமும் கல்வியாவதில்லை என்று எழுதினார். ஏழ்மையைப் பார்த்துவிட்டு வந்த மாணவர் ‘அவர்கள் இருப்பதை வைத்து எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று நாட்குறிப்பில் எழுதுவது களப்பணியில் அடிக்கடி காணப்படும் வரி. ஆசிரியர் அதன் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதிவிட்டால், உரிமை மறுப்பு ஒன்று மனநிறைவாக மாறிப் பதிவாகிவிடுகிறது. ‘அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? யாரிடம் கேட்டாய்? வந்திருந்த விருந்தினர் முன் முகம் சுளிக்க அவர்களால் முடிந்திருக்குமா? அந்தத் தண்ணீர்க் குழாய் ஏன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது?’ என்று நான்கு வரிகள் எழுதினால் பாடம் அங்கே தொடங்குகிறது. நடந்ததை விவரிப்பது, அதை ஆராய்வது, கற்றதைத் தெளிவாகச் சொல்வது என்ற மூன்று படிகளை இதற்கென்றே வகுத்துக் கற்பிக்கிறார்கள். படிகளின் பெயர்களைவிட, அவற்றுக்குப் பாட நேரத்தில் ஒதுக்கப்படும் மணிகள் முக்கியம்.

இசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைப்படம் எடுக்கட்டுமா என்று கேட்டுத் தலையசைப்பு வாங்குவது இசைவாகாது. எதற்காக எடுக்கப்படுகிறது, எங்கே வெளியாகும், பின்னர் வேண்டாம் என்று சொன்னால் நீக்கப்படுமா என்பவை எல்லாம் அவருடைய மொழியில் விளக்கப்பட்டிருக்க வேண்டும். ஆவணமில்லாமல் வாழும் ஒருவரின் முகம் பல்கலைக்கழக இணையதளத்தில் வருவது அவருடைய பாதுகாப்பையே குலைக்கக்கூடும். கனடாவின் பூர்வகுடிகள் 1998-இல் தங்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு கொள்கைகளை வகுத்தார்கள். தங்களைப் பற்றிய தகவல் தங்களுக்கே சொந்தம், அதை யார் பயன்படுத்தலாம் என்பதைத் தாங்களே தீர்மானிப்போம், தாங்கள் அதைப் பார்க்க முடிய வேண்டும், அது தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்த நான்கையும் ஒரு செமஸ்டர் பாடத்தின் தரவுக்குப் பொருத்திப் பார்க்கும் ஆசிரியர், பருவ முடிவில் அந்தக் கோப்புகள் மாணவர்களின் மடிக்கணினிகளில் சிதறிக் கிடக்க விடமாட்டார்.

செமஸ்டர் என்ற கால அளவே பெரிய தடை. பதினைந்து வாரங்களில் அறிமுகத்துக்கும் தேர்வுக்கும் போனது போக மீதியிருப்பது சொற்பம். ராண்டி ஸ்டோக்கர், எலிசபெத் டிரையன் இருவரும் அமெரிக்காவின் மாடிசன் நகரச் சமூக அமைப்புகளின் பணியாளர்களைப் பேட்டி கண்டு 2009-இல் வெளியிட்ட நூலில், குறுகிய கால மாணவர்களைப் பயிற்றுவிப்பதற்குச் செலவாகும் நேரம் அவர்களால் கிடைக்கும் பயனை விழுங்கிவிடுகிறது என்ற முறையீடு ஓங்கி ஒலித்தது. அந்த அமைப்புகள் மாணவர்களை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், இளைஞர்களை வளர்த்தெடுக்கும் கடமை தங்களுக்கும் இருக்கிறது என்ற பெருந்தன்மை. அதாவது, சேவை செய்தது யார், பெற்றது யார் என்பதே தலைகீழாக இருந்தது. இதைச் சீர்செய்ய, மாணவர்கள் மாறினாலும் பணி மாறாமல் இருக்கும்படி, ஒரே கூட்டாளி அமைப்போடு பல ஆண்டுகளுக்கு உடன்பாடு செய்துகொண்டு ஒவ்வொரு பருவத்தின் வேலையையும் அடுத்த பருவத்துக்குக் கையளிக்கும் ஏற்பாடு வேண்டும். கூட்டாளி அமைப்பின் பணியாளர் மாணவருக்குக் கற்பிக்கும் நேரத்துக்குப் பல்கலைக்கழகம் ஊதியம் தர வேண்டும். வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்குத் தருகிறது, இவருக்குத் தராமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பயன் யாரிடத்தில் அளக்கப்படுகிறது என்பதிலும் இதே கோணல். 2011-இல் 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 11,837 மாணவர்களைப் பற்றி வெளியான பகுப்பாய்வு, சேவைவழிக் கற்றலால் மாணவர்களின் சமூக ஈடுபாடும் கல்வித் தேர்ச்சியும் மேம்படுவதைக் காட்டியது. பாடத்தோடு இணைப்பு, மாணவரின் குரல், சமூகத்தின் பங்கேற்பு, சிந்தித்தல் ஆகியவை இருந்த திட்டங்களில் பலன் கூடுதலாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் அளக்கப்பட்டவர்கள் அனைவரும் மாணவர்கள். சமூகத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அளப்பது கடினம், செலவுள்ளது, ஆகவே அது பெரும்பாலும் விடுபடுகிறது. பிரிட்டனின் யார்க் நகரம் இதில் கவனிக்கத்தக்கது. 2017-இல் தன்னை மனித உரிமை நகரமாக அறிவித்துக்கொண்ட அந்த நகரில், யார்க் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து, எந்த உரிமைகள் முக்கியம் என்று நகரவாசிகளிடமே கேட்டு, சமத்துவம், கல்வி, போதுமான வாழ்க்கைத் தரம், வீட்டுவசதி, உடல்நலமும் சமூகப் பராமரிப்பும் என்ற ஐந்தைத் தேர்ந்து, அவற்றின் நிலையைக் குறியீடுகள் கொண்டு தொடர்ந்து வெளியிட்டு வந்தார்கள். என்ன அளக்கப்பட வேண்டும் என்பதை நகரவாசிகள் சொல்கிறார்கள், அளக்கும் திறனைப் பல்கலைக்கழகம் கொண்டுவருகிறது.

கடமை உடையவர் பல்கலைக்கழகமாகவே இருக்கும்போதுதான் இந்த முறை உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. பல நகரங்களில் பல்கலைக்கழகம் பெரிய நில உரிமையாளர், பெரிய முதலாளி. வளாக விரிவாக்கத்தால் வீட்டு வாடகை ஏறி வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அருகிலேயே இருப்பார்கள். ஒப்பந்த அடிப்படையில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளர்கள் வகுப்பறைக்கு வெளியிலேயே நிற்பார்கள். எங்களுடைய உரிமைப் பிரச்சினை இதுதான், இதில் எங்களோடு வேலை செய்யுங்கள் என்று அந்தச் சமூகம் கேட்டால், பாடத்தைத் தொலைதூரத்துக் குடியிருப்புக்கு மாற்றிக்கொள்வது எளிது. நிர்வாகத்துக்கும் அதுவே வசதி. அத்தகைய கோரிக்கையை ஏற்பதற்கான நெறிமுறை பாடம் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பிரச்சினையைத் தேர்வு செய்யும் குழுவில் சமூகப் பிரதிநிதிகளுக்குப் பெரும்பான்மை இருக்க வேண்டும். பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குப் பதவி உயர்வில் பாதகம் வராது என்ற உறுதியும், தொழிலாளரின் பெயரும் வாக்குமூலமும் நிர்வாகத்தின் கைக்குப் போகாது என்ற உறுதியும், மாணவர்களின் அறிக்கையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் துறைத் தலைவருக்கு இல்லை என்ற விதியும் அதில் இடம்பெற வேண்டும். நிரந்தரப் பணியில்லாத ஆசிரியர்களிடம் இந்தப் பாடங்களை ஒப்படைத்துவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆண்டு தன் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், தன் நிறுவனத்தின் மீதே கேள்வி எழுப்பும் வகுப்பை நடத்த முன்வருவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநீதி, அவரை நம்பி வரும் தொழிலாளர்களுக்கும் அநீதி.